ஆடிக் காற்றும் அம்மிக் கல்லும்

"எடையைக் குறைச்சே ஆகணும் அம்மா. சுமாரா நூறு கிலோவாவது குறையணும்!"

ஒரு நாள் காலையில் என் மகன் அடுக்களை வாசலில் நின்று இப்படிச் சொன்னபோது, தோசைத் திருப்பி என் கையில் அப்படியே நின்றுவிட்டது. என் உடம்பைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதற்கு வீட்டில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். அவர் அப்போது படிப்புரையில் உட்கார்ந்து, பத்திரிகைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்ததும் எனக்குத் தெரியும். ஆனாலும் நூறு கிலோ என்பது கொஞ்சம் அநியாயம் இல்லையா? அவ்வளவையும் குறைத்தால் நான் மிச்சமே இருக்க மாட்டேனே!

"உன்னைச் சொல்லலைம்மா, பாட்டா காரைச் சொல்றேன்" என்றான் பையன்.

எனக்கு உயிர் வந்தது. ஆனால் அடுத்த கணமே அடிவயிற்றில் சொரேல் என்றது. என்னைக் குறைப்பதாக இருந்தால்கூடச் சம்மதித்திருப்பேன். அப்பாவின் காரைக் குறைப்பதா?

அந்தக் கார் என்னிடம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். அப்பா 1964-இல் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு அது. இரண்டே கதவுகள். அப்பா உர வியாபாரத்தில் ஏஜெண்டாக இருந்தார். வாரம் இரண்டு தடவை நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வள்ளியூர், நாங்குனேரி என்று தனியாகவே ஓட்டிக்கொண்டு போவார், இரவில் திரும்புவார். அவர் காலமான பிறகு அண்ணன்மார் இருவரும் வயலையும் வீட்டையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். காரை யாரும் கேட்கவில்லை. பிறந்த வீட்டுச் சீர் என்று எனக்குக் கடைசியாக வந்தது அதுதான்.

இந்த வண்டிக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1959-இல் இங்கிலாந்தில் பிறந்தது. உருவம் கொடுத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் நம் சென்னையிலேயே தயாராயிற்று. அந்தக் காலத்து மற்றப் பல கார்களைப் போல உடம்பும் அடிச்சட்டமும் ஒரே வார்ப்பாக இல்லாமல், தனியான இரும்புச் சட்டத்தின் மேல் உடம்பைத் துண்டு துண்டாகப் போல்ட்டு போட்டு முடுக்கியிருப்பார்கள். முன்பக்க மூடியைத் தூக்கினால் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து ஒரே வீச்சில் முன்னால் சாய்ந்து எழும்பும். முன் சக்கரங்கள் அப்படியே பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் வண்டியைச் சுற்றிவிடலாம். கோட்டாறு கடைத்தெருவில் அப்பா அதைத் திருப்புவதைப் பார்க்கக் கடைக்காரர்கள் வெளியே வந்து நிற்பார்கள்.

"அதெல்லாம் சரிலே. இது நம்ம எல்லாரும் ஏறிப் போற குடும்ப வண்டி. இதைப் போய் ரேஸ் காராக்கப் போறியா?" என்று கேட்டேன்.

"அம்மா, இது யாரு தெரியுமா? ஸ்போர்ட்ஸ் காருக்குக் கூடப் பிறந்த அக்கா!"

அவன் சொன்னது பொய் இல்லை. 1962-இல் அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குட்டையாக்கி, இரண்டு பேர் மட்டும் உட்காரும்படி தாழ்வான உடம்பை மேலே வைத்து, டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்று ஒரு ஸ்போர்ட்ஸ் காரைக் கம்பெனிக்காரர்களே செய்தார்கள். அதே வருஷம் ஹெரால்டின் மூக்குக்குள் ஆறு சிலிண்டர் எஞ்சினை வைத்து, வைட்டெஸ் என்று பெயரும் சூட்டினார்கள். 1966-இல் ஸ்பிட்ஃபயருக்குள்ளும் இரண்டு லிட்டர் எஞ்சினைப் புகுத்தி ஜி.டி.6 என்றார்கள். அக்காள் குடும்பத்தைச் சுமந்துகொண்டு நாஞ்சில் நாட்டில் இருக்க, தங்கை சீமையில் மெலிந்த இடையோடு ஓடிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பையன் அதோடு விடவில்லை. காலின் சாப்மன் என்ற ஆங்கிலேயர், 1957-இல் வந்த லோட்டஸ் செவன் காரில் தேவையில்லாதது எல்லாவற்றையும் கழித்துவிட்டு, சின்ன எஞ்சினை வைத்தே பெரிய கார்களைத் தோற்கடித்த கதையைச் சொன்னான். 1962-இல் காரல் ஷெல்பி என்ற அமெரிக்கர் ஓர் இங்கிலீஷ் காருக்குள் ஃபோர்டு எஞ்சினைத் திணித்துக் 'கோப்ரா' என்று உலகையே மிரள வைத்த கதையைச் சொன்னான். நம் கோயம்புத்தூர் கரிவரதன், வீட்டு உபயோக மாருதி காரின் எஞ்சினை ஒற்றை ஆள் உட்காரும் லேசான பந்தய வண்டியில் வைத்து 'ஃபார்முலா மாருதி' என்று ஒரு பந்தயத்தையே உண்டாக்கிய கதையையும் சொன்னான்.

"கனத்தைக் குறைச்சா வேகம் கூடும், பெட்ரோல் மிச்சம், சட்டுன்னு திரும்பும், சட்டுன்னு நிக்கும். இதுல நஷ்டம் என்னம்மா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இன்ஜினீயரிங் படித்த பிள்ளை. போதாததற்குப் பழைய எஞ்சின் மூன்று வருஷமாக எண்ணெயாய்க் குடித்துப் புகையாய்க் கக்கிக்கொண்டிருந்தது. ஸ்டாண்டர்டு கம்பெனி 1988-லேயே மூடியாகிவிட்டது. உதிரிச் சாமானுக்கு அலைவது குலதெய்வத்துக்கு நேர்ச்சை செலுத்துவதைப் போல ஆகிவிட்டது. 2018 தை மாதத்தில் சம்மதித்தேன். ஒரே ஒரு நிபந்தனை: கழற்றுகிற எதையும் காயலான் கடைக்குப் போடக் கூடாது, எல்லாம் வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் எடை குறைப்புப் படலம் ஆரம்பமாயிற்று. நெல் நிறுக்கும் தராசை எங்கிருந்தோ கொண்டுவந்து தொங்கவிட்டான். கழற்றியதை எல்லாம் நிறுத்து நோட்டில் எழுதினான். பின் ஸீட்டு, ஸ்டெப்னி, முன்னும் பின்னும் பம்பர், தரை விரிப்பு என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கதவுக் கண்ணாடிகளை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் தகடு வைத்தான். பின் ஸீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு புளியங்கொட்டையும், ஒரு கொண்டை ஊசியும், என்னுடைய சிவப்பு ரிப்பன் ஒன்றும் கிடைத்தன. எத்தனையாவது வகுப்பில் தொலைத்த ரிப்பனோ! அதன் எடை நோட்டில் ஏறவில்லை.

கடைசியாக, முன் ஸீட்டுக்குப் பின்னால் தரையோடு சேர்த்துக் கயிற்றுப் பிரியால் இறுகக் கட்டி, சாக்குப் போட்டு மூடியிருந்த ஒன்றை அவிழ்த்தான். தேய்ந்துபோன பழைய அம்மிக் கல்!

அந்த அம்மி எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். அம்மா புது அம்மி வாங்கியபோது பழையதை அப்பா காரில் ஏற்றிக்கொண்டார். ஏன் என்று கேட்டால், "ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்றாங்கள்லா? பறக்கா, இல்லையான்னு பாக்கத்தான்" என்று கண்ணைச் சிமிட்டுவார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். சித்தப்பாக்கள் அவரை 'அம்மி ஏஜெண்ட்' என்றே அழைத்தார்கள். அவர் யாருக்கும் விளக்கம் சொன்னதில்லை.

"முப்பத்தோரு கிலோ! பாட்டாவுக்கு வேற வேலை இல்லையா?" என்று பையன் சிரித்தான். நானும் சிரித்தேன். கல்லைப் பின்கட்டில் கிணற்றடியில் போடச் சொன்னேன். மொத்தம் தொண்ணூற்றாறு கிலோ குறைந்திருந்தது. சுமார் எண்ணூறு கிலோ எடையுள்ள வண்டியில் எட்டில் ஒரு பங்கு கரைந்துவிட்டது.

அடுத்தது எஞ்சின். பழையது 948 சி.சி., வார்ப்பிரும்பு, முப்பத்தைந்து குதிரை சக்தி. புதுப்பேட்டையிலிருந்து பையன் வாங்கி வந்தது மாருதி ஜிப்ஸியின் எஞ்சின், 1298 சி.சி., அலுமினியம், எண்பது குதிரை. முந்தினதைவிட இரண்டு பங்குக்கு மேல் பலம், ஆனால் கனம் குறைவு. ஹெரால்டைப் போலவே ஜிப்ஸியிலும் எஞ்சின் நீளவாக்கில் உட்காரும்; ஆகையால் கியர்ப் பெட்டியோடு சேர்த்துப் பொருத்த முடிந்தது. லேத் பட்டறையில் தண்டை வெட்டிக் குட்டையாக்கினார்கள். எஞ்சின் உட்காரப் புதுத் தாங்கிகள் செய்தார்கள். பழைய எஞ்சினை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து, எண்ணெய் தடவி, தார்ப்பாயில் சுற்றி, நெல் பத்தாயத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். விளக்கு ஏற்றும்போது அதைத் தாண்டித்தான் போக வேண்டும். வயசாளி ஒருவர் மூலையில் படுத்திருப்பதைப் போலவே இருக்கும்.

உண்மையைச் சொல்ல வேண்டும். வண்டி ஓடியபோது எனக்கும் ஆனந்தமாகத்தான் இருந்தது. பார்வதிபுரத்திலிருந்து சுங்கான்கடை வரைக்கும் ஒரு விடியற்காலையில் என்னை உட்கார வைத்து ஓட்டினான். ஆக்ஸிலேட்டரைத் தொட்டவுடன் முதுகை யாரோ ஸீட்டோடு அழுத்துவதைப் போல இருந்தது. அறுபது வயதில் நான் சிறு பெண்ணைப் போலக் கத்திச் சிரித்ததை இவரிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த வருஷம் ஆடி மாதம். வள்ளியூரில் சித்தி வீட்டுக் கோயில் கொடை. "அம்மா, நம்ம வண்டியிலேயே போவோம்" என்றான். தாயும் மகனும் மட்டும் புறப்பட்டோம்.

வெளியூர் வாசகர்களுக்கு எங்கள் ஆடிக் காற்றைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற இடத்தில், குன்றுகளுக்கு நடுவே ஆரல்வாய்மொழியில் ஒரு வாசல் இருக்கிறது. தென்மேற்குப் பருவக் காற்று முழுவதும் அந்த வாசலுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு பாயும். சும்மாவா 1980-களில் தொடங்கி முப்பந்தல் பக்கம் முழுக்கக் காற்றாலைகளாக நட்டுவைத்தார்கள்? தோவாளையில் கட்டிய பூவைக் கையில் வைத்திருந்தால் முப்பந்தலில் நார்தான் மிஞ்சும்.

முப்பந்தலைத் தாண்டி ஒரு பெரிய லாரியை முந்தினான். லாரியின் மறைவில் இருந்தவரைக்கும் ஒன்றுமில்லை. அதன் மூக்கைக் கடந்து வெளியே வந்ததும், பக்கவாட்டில் யாரோ இரண்டு கையாலும் தள்ளியதைப் போல வண்டி ஒரு முழம் நகர்ந்தது. பையன் பயந்துபோய் ஆக்ஸிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தான். அவ்வளவுதான், பின்பக்கம் துள்ளி எழும்பியது. நாய் வாலைப் போல வண்டியின் பின்புறம் இடமும் வலமும் ஆடிற்று. ஸ்டியரிங்கோடு அவன் மல்லுக்கு நிற்பது தெரிந்தது. "இசக்கியம்மா!" என்று நான் கத்தினேனோ, நினைத்தேனோ, தெரியவில்லை. வண்டி அரை வட்டம் அடித்து, தார் ரோட்டை விட்டு இறங்கி, உடைமரத்துக்கு இரண்டடி தள்ளி, வந்த திசையைப் பார்த்து நின்றது.

எங்கும் ஒரு கீறல் இல்லை. பையனின் கை மட்டும் ஸ்டியரிங்கிலிருந்து பிரியவே இல்லை. விரல் விரலாக நான்தான் எடுத்துவிட்டேன்.

லாரி டிரைவர் இறங்கி ஓடி வந்தார். முதலில் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார், அப்புறம்தான் திட்டினார். "என்ன தம்பி, ஆடிக் காத்துல அம்மியே பறக்கும். இந்தத் தீப்பெட்டி நிக்குமா?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவின் குரலே கேட்டதைப் போல இருந்தது.

கொடைக்குப் போகவில்லை. இசக்கியம்மன் கோயிலில் இறங்கிக் குங்குமம் வாங்கிக்கொண்டு, மாட்டு வண்டி வேகத்தில் வீடு திரும்பினோம்.

மறுநாள், அப்பா காலத்தில் அந்த வண்டியைப் பழுது பார்த்த மெக்கானிக் அண்ணாச்சியை வரவழைத்தோம். எண்பதைத் தாண்டியவர். காருக்குப் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சக்கரங்களையே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "அம்மிக் கல்லு எங்கே மக்களே?" என்று கேட்டார்.

நானும் பையனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"பஸ்ஸுல பிடிக்கக் கம்பி இல்லாம நிக்கும்போது நீ எப்படி நிப்பே? காலை அகட்டி நிப்பேல்லா? காலை ஒடுக்கி நின்னா லேசாத் தள்ளினாலே விழுந்திருவே. இந்த வண்டிக்குப் பின்சக்கரம் ரெண்டும் நடுவுல மூட்டு வச்ச மாதிரி. பின்னால ஆள் உக்காந்தா உடம்பு தாழும், சக்கரத்துக்கு அடி அகண்டு நிக்கும். பாரம் இல்லைன்னா உடம்பு எழும்பிரும், கால் ஒடுங்கிரும். வளைவுலயோ காத்துலயோ திடீர்னு காலை எடுத்தியோ, இன்னும் எழும்பும். உங்க அப்பா தனியா ஆரல்வாய்மொழி தாண்டிப் போறவரு. ஒரு ஆடியிலே அவருக்கும் இதே கதி வந்துது. அன்னைக்கு ஏத்தினதாக்கும் அந்தக் கல்லு. வீட்டுல சொன்னா பயப்படுவீங்கன்னு சொல்லலை."

பையன் வாயைத் திறக்கவில்லை. அண்ணாச்சி எழுந்து முன்பக்கம் வந்து, புது எஞ்சினைத் தட்டிப் பார்த்தார்.

"நல்ல சாமான்தான். ஆனா அம்புக்கு முனையில கனம் இருந்தாத்தான் நேராப் போகும். இரும்பை எடுத்துட்டு அலுமினியம் வச்சிருக்கே. மூக்கு லேசாயிப் போச்சு. காத்து இழுத்த இழுப்புக்குப் போகும். ஓடுறதுக்கு ரெண்டு பங்குப் பலம் குடுத்திருக்கே. நிக்கதுக்கு என்ன குடுத்தே? பிரேக்கு பாட்டா காலத்து டிரம்முதானே?"

முப்பது கிலோக் கல் ஒன்று புயலைத் தடுத்துவிடும் என்று அவர் சொல்லவில்லை. எது கனம், எது தேவை என்று தெரியாமல் கழிக்கக் கூடாது என்றுதான் சொன்னார்.

அன்று இரவு பையன் வெகு நேரம் விழித்திருந்து படித்தான். காலையில் தானாகவே வந்து சொன்னான். கம்பெனிக்காரர்கள் எஞ்சினைப் பெரிதாக்கியபோது அதோடு நிற்கவில்லையாம். வைட்டெஸ்ஸுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் வைத்தார்களாம். ஜி.டி.6-இன் பின்கால்கள் சரியில்லை என்று பலரும் குறை சொல்ல, 1968-இல் அந்த அமைப்பையே மாற்றினார்களாம். "நான் கதையில பாதியைத்தான் படிச்சேன்மா" என்றான். அவன் தொண்டை கம்மியிருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் காப்பியை நீட்டினேன்.

பழைய எஞ்சின் பத்தாயத்துப் பக்கத்திலிருந்து எழுந்தது. சிலிண்டரைக் கடைந்து, புது ரிங்குகள் போட்டு, அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, பையனே அதைப் பூட்டினான். ஏழு மாதம் ஆயிற்று. அதற்குள் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று பத்திரிகையில் வந்தது. தயாரித்தவர்கள் குறித்துள்ள விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றி அமைக்கக் கூடாது என்பது அதன் சாரம். இவர் அதை உரக்கப் படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எங்கள் இருவரையும் பார்த்தார். பதிவுப் புத்தகத்தில் இருப்பது ஓர் எஞ்சின், வண்டியில் இருந்தது வேறு எஞ்சின் என்று நாங்கள் ரோட்டில் ஓடியது தப்புத்தான். அன்றைக்கு உடைமரத்தில் மோதி யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால், எந்த இன்ஷூரன்ஸ்காரர் எங்களை ஏறெடுத்துப் பார்த்திருப்பார்? தெரியாமல் செய்தோம் என்று சொல்லித் தப்ப முடியுமா?

2021 ஜூலையில் இன்னொரு சட்டம் வந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகி, அடிச்சட்டமும் உடம்பும் எஞ்சினும் பெரிதாக மாறாமல் இருக்கிற வண்டிகளைப் 'பழம்பெரும் வாகனம்' என்று தனி எண்ணில் பதிவு செய்யலாம் என்றார்கள். "பாத்தியாம்மா, பழைய எஞ்சினை வித்திருந்தா இந்த யோக்கியதை போயிருக்கும்" என்று பையன் குதித்தான். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான் எடுக்கலாமாம். தினசரிப் போக்குவரத்துக்கு எடுக்கக் கூடாதாம். எனக்குச் சுசீந்திரம் தேருக்குப் போக வண்டி வேண்டும். ஆகவே ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்குக் கொண்டுபோய், சாதாரண வண்டியாகவே புதுப்பித்துக்கொள்கிறோம்.

ஜிப்ஸி எஞ்சின் வீணாகவில்லை. சிநேகிதர்களோடு சேர்ந்து ஒற்றை ஆள் உட்காரும் வண்டி ஒன்றை அடிச்சட்டத்திலிருந்தே புதிதாகச் செய்து, அதில் வைத்திருக்கிறான். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அங்கே தலைக்கவசம் உண்டு, தடுப்பு உண்டு, ஆம்புலன்ஸ் காத்திருக்கிறது. எதிரே லாரி வராது. அந்த வண்டியில் எத்தனை கிலோ வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளட்டும். நானே ஒரு தடவை போய்ப் பார்த்துக் கை தட்டிவிட்டு வந்தேன்.

கிணற்றடி அம்மியை மற்ற மாதங்களில் நான் விடுவதில்லை. தேய்ந்த கல்தான் என்றாலும், மீன் குழம்புக்குத் தேங்காய் அரைத்தால் மிக்ஸி பக்கத்தில் வர முடியாது. ஆடி பிறந்ததும் பையனே வந்து, கழுவித் துடைத்து, சாக்கில் சுற்றி, பழைய இடத்தில் வைத்துக் கயிறு போட்டு இறுக்குகிறான். நான் சொல்ல வேண்டியதில்லை.

போன ஆடியில் வள்ளியூருக்குக் கிளம்பினோம். முன்னால் அவனும் இவரும். பின் ஸீட்டில் நான் ஏறி உட்கார்ந்தேன். வண்டி மெல்லத் தாழ்ந்து, கால்களை அகட்டிக்கொண்டு ஜம்மென்று நின்றது. பையன் இறங்கிப் பின்னால் போய்ச் சக்கரங்களைப் பார்த்தான். பிறகு அம்மியின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

"ஏம்லே, கல்லு வேண்டாமா?" என்றேன்.

"நீ இருக்கும்போது எதுக்கும்மா?" என்றான்.

முன் ஸீட்டில் பத்திரிகை குலுங்கிக்கொண்டிருந்தது.